தீவுக்குப் போன திங்கட்கிழமை



சென்ற வாரம் இந்தத் தியானத்தை நான் எழுதவில்லை. உடல்நலம் சரியில்லையோ என்று உங்களில் சிலர் விசாரித்தீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. உடல் நலமாகவே இருந்தது. எழுத அமர்ந்தபோதெல்லாம் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வந்தது. அதை எழுதுமுன் ஒரு வீட்டாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். "எழுதுங்க ஐயா, அம்மா இருந்தா வேண்டாம்னு சொல்லமாட்டாங்க" என்றார்கள். பெயர் குறிப்பிடவில்லை. உங்களில் அநேகருக்கு அது யார் என்று தெரியும்.

விடுமுறை வேதாகமப் பள்ளி சனிக்கிழமை நிறைவடைந்ததை நீங்கள் அறிவீர்கள். பத்து நாட்கள், காலை எட்டு மணி முதல் பிற்பகல் வரை பிள்ளைகளின் இரைச்சல். அது சந்தோஷமான இரைச்சல்தான். ஆனால் ஐம்பதைத் தாண்டிய உடலுக்கு அது இரைச்சலே. கடைசி நாள் நிகழ்ச்சியில் ஒரு சிறுவன் யோனாவாக நடித்து மீனின் வயிற்றுக்குள்ளிருந்து வெளியே வர மறுத்தானே, நினைவிருக்கிறதா? எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கு அவன்மேல் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு நாங்கள் நண்பர்கள் நால்வர் நாள் குறித்திருந்தோம். 1990-களின் தொடக்கத்தில் மதுரை அரசரடியிலுள்ள இறையியல் கல்லூரியில் ஒன்றாகப் பயின்றவர்கள் நாங்கள். ஒருவர் தேனிப் பக்கத்து மலையடிவாரச் சபையொன்றில் ஊழியம் செய்கிறார். இன்னொருவர் கற்பிக்கிறார். மூன்றாமவருடைய மனைவி கடந்த ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதன் பிறகு அவர் எங்களோடு அதிகம் பேசுவதில்லை. பிரசங்கம் ஆயத்தப்படுத்த வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் தெரிகின்றன, ஒன்றும் கேட்பதில்லை என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். அவரை எப்படியாவது ஒருநாள் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே எங்கள் திட்டத்தின் தொடக்கம். பாம்பனுக்குத் தெற்கேயுள்ள குருசடைத் தீவுக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. ஞாயிறு மாலையே புறப்பட்டு, இரவு இராமநாதபுரத்தில் தங்கி, காலையில் படகு.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நான் நின்றிருந்தபோது அந்த ஆச்சியின் மகள் வந்தார். "அம்மா ராப்போஜனம் கேக்காங்க ஐயா. இன்னைக்குச் சாயங்காலம் ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுமா?" என்றார்.

செவ்வாய் காலையில் கட்டாயம் வருகிறேன் என்றேன்.

அவர்கள் வீடு ஆலயத்திலிருந்து நடந்து போகும் தூரம். திருவிருந்து கொடுத்து, ஜெபித்து, ஆச்சி தரும் காப்பியைக் குடித்துவிட்டு வந்தாலும் அரைமணி நேரம்தான் ஆகியிருக்கும். வண்டி நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். நான் சாப்பிட்டுச் சற்றுப் படுக்க விரும்பினேன். அவ்வளவே. வேறு எந்தக் காரணமும் இல்லை. ஆச்சிக்கு வயது 84. பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தார். செவ்வாய்க்கும் இருப்பார் என்று எண்ணினேன். இப்படி எண்ணியதாகக்கூடச் சொல்ல முடியாது. எண்ணவே இல்லை.

மறுநாள் காலை குந்துகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். 1897-இல் விவேகானந்தர் இலங்கை வழியாகத் திரும்பிவந்து கரையிறங்கிய இடம் அது. நினைவு மண்டபம் ஒன்று நிற்கிறது. வழியில் பாம்பன் கடலோரத்தில் விசைப்படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மீன்பிடித் தடைக்காலம். கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. முன்பு 45 நாட்களாக இருந்ததை 2017-இல் 61 ஆக உயர்த்தினார்கள்.

கைப்பேசிகள் நான்கையும் வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டோம். அது என் யோசனைதான்.

எங்களைத் தீவுக்குக் கூட்டிச்சென்ற படகோட்டி அந்தப் பக்கத்து மீனவர். நாங்கள் போதகர்கள் என்று தெரிந்ததும் 'ஃபாதர்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் சீர்திருத்த சபையார் என்று மலையடிவார நண்பர் விளக்கியும் பயனில்லை. தடைக்காலத்தைப் பற்றிக் கேட்டேன். "கடலுக்கு லீவு ஃபாதர். எங்க அண்ணன் விசைப்படகுல கூலிக்குப் போறவரு. அவரு வீட்டு அடுப்புக்கும் பாதி லீவு" என்றார். அரசு நிவாரணத் தொகை தருகிறது. ஆனால் இரண்டு மாதத்திற்கு ஒரு குடும்பத்தை அதைக் கொண்டு ஓட்டுவது எப்படி என்று அவர் கணக்குச் சொன்னார். நிலத்திற்கு ஏழாம் ஆண்டில் ஓய்வு கொடுக்கும்படி இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்ட லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைப் பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். நிலம் ஓய்ந்திருந்த ஆண்டில் கூலிக்காரன் வீட்டில் என்ன நடந்தது என்று இந்த மனிதரைப் போல எனக்கு யாரும் கேட்கக் கற்றுத்தந்ததில்லை. அந்த ஆண்டில் தானாய் விளைவது வேலைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும்கூட ஆகாரமாக வேண்டும் என்று அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. அதை வேகமாக வாசித்துக் கடந்துபோயிருக்கிறேன்.

கடல் அன்று தரையைப்போல் இருந்தது. மே மாத இறுதியில் கச்சான் காற்று வலுத்துவிட்டால் இந்தப் பக்கம் இப்படி இராதாம். படகு ஆழங்குறைந்த இடத்தில் போகையில் கீழே கடற்புற்கள் ஒரே திசையில் சாய்வது தெளிவாகத் தெரிந்தது. கற்பிக்கும் நண்பருக்கு மட்டும் தலைசுற்றல். அவர் அடிவானத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தார்.

அந்தப் படகில் இருந்தபோது மாற்கு 6-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சீஷர்கள் ஊழியம் முடித்துத் திரும்பி வருகிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாய் ஒரே கூட்டம், சாப்பிடக்கூட நேரமில்லை. யோவான் ஸ்நானகனைக் கொன்று அடக்கம்பண்ணிய செய்தி அதற்குச் சற்று முன்புதான் சொல்லப்படுகிறது. அப்போது ஆண்டவர் அவர்களை வனாந்தரமான ஓரிடத்திற்கு அழைத்துச் சிறிது நேரம் இளைப்பாறச் சொல்லுகிறார். படகில் ஏறுகிறார்கள். ஜனங்களோ கால்நடையாய் ஓடி, அவர்களுக்கு முன்னே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கரையில் இறங்கியதும் போதகம், அதன்பின் ஐயாயிரம் பேருக்கு உணவு, பன்னிரண்டு கூடை மிச்சம். சீஷர்கள் அந்த இடத்தில் ஓய்வெடுத்ததாக மாற்கு எழுதவேயில்லை. அவர்களுக்குக் கிடைத்த இளைப்பாறுதல் படகுப் பயணம் மட்டுமே.

1986-இல் கலிலேயாக் கடலில் வறட்சியால் நீர் வற்றியபோது, சேற்றுக்குள்ளிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழமையான படகு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். சுமார் 8 மீட்டர் நீளம், 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம். எங்களுடைய படகும் ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். அதில் பதின்மூன்று பேர் என்றால் முழங்கை இடிக்காமல் உட்கார முடியாது. நடந்தே வந்த ஜனங்கள் படகை முந்தினார்கள் என்றால் படகு கரையை விட்டு வெகுதூரம் விலகிப் போயிருக்காது. துடுப்புப் போட்டுக்கொண்டே சீஷர்கள் கரையோரமாய் ஓடிவரும் கூட்டத்தைப் பார்த்திருக்கவும் கூடும். நான் என் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கைப்பேசி வண்டியில் இருந்தது.

குருசடை என்னும் பெயரைக் கேட்டாலே நம் கடற்கரை ஊர்களின் சிலுவை நாட்டிய குருசடிகள் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அவற்றைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன. பவளப்பாறைகள் அலையின் வேகத்தைத் தங்கள்மேல் ஏற்றுத் தணிப்பவை. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல்லாண்டு காலம் அவற்றை வெட்டியெடுத்ததில், அலை நேராக மணலின்மேல் விழத் தொடங்கியது. குருசடை தப்பியிருக்கிறது. அங்கே நெடுங்காலமாகக் கடலுயிர் ஆய்வு நடந்துவந்திருக்கிறது; அந்தச் சிறிய தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டுமே சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு நூல் வெளியிட்டது.

கரையில் வெண்மணலும் உடைந்த பவளத்துண்டுகளும் கலந்து கிடந்தன. உள்ளே கண்டல் மரங்கள். சத்தமே இல்லை. பத்து நாள் இரைச்சலுக்குப் பிறகு அந்த அமைதி முதலில் காதடைத்ததுபோல் இருந்தது. கற்பிக்கும் நண்பர் தலைசுற்றல் நீங்கியவுடன் ஒரு சங்கைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இங்கேர்ந்து ஒண்ணும் எடுத்துட்டுப் போகக்கூடாது ஃபாதர்" என்றார் படகோட்டி. இத்தனை ஆண்டுகளாக மாணவர்களைக் கண்டித்த மனிதர், எடுத்த இடத்தையே தேடிப்போய் அதை வைத்துவிட்டு வந்தார்.

மனைவியை இழந்த நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. திடீரென்று திரும்பி, "இங்க வாங்கடா, தண்ணி எவ்வளவு வெதுவெதுன்னு இருக்கு பாருங்க" என்று கத்தினார். பிறகு அவராகவே, கல்லூரி ஆலயத்தில் நாங்கள் பாடும் கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினார். அவருடைய குரல் தடித்த குரல். அந்நாட்களில் அது ஒன்றே எங்கள் பாடகர் குழுவைக் காப்பாற்றியது. ஒன்பது மாதங்களாக அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. நாங்கள் மூவரும் தண்ணீருக்குள் இறங்கி அவரோடு பாடினோம். படகோட்டி தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த மணிநேரத்தை ஆண்டவர் எங்களுக்குத் தந்தார் என்றே இன்றும் நம்புகிறேன். இதை நான் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இனி எழுதுவதை வாசித்துவிட்டு, ஐயர் அங்கே போயிருக்கவே கூடாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள்.

பிற்பகல் ஒரு மணியளவில் குந்துகாலுக்குத் திரும்பி, ஒரு மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். வண்டியைத் திறந்து கைப்பேசியை எடுத்தேன். பதினான்கு அழைப்புகள். முதல் அழைப்பு காலை 9.40-க்கு, ஆச்சியின் மகளிடமிருந்து. அடுத்த மூன்றும் அவரே. பின்னவை சபைச் செயலரிடமிருந்து. ஆச்சி பதினொரு மணிக்குச் சற்று முன்பு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பக்கத்துச் சேகரத்துக் குருவானவரை அழைத்திருக்கிறார்கள். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சோற்றைத் திரும்பக் கட்டினோம்.

வழிநெடுக, வீட்டில் என்ன சொல்வது என்று நான் வாய்விட்டே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். பத்து நாள் களைப்பு, முன்பே குறித்த நாள், துக்கத்திலிருக்கும் நண்பர், கைப்பேசி எடுத்துச்செல்லாதது. எல்லாம் உண்மைதான். பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொள்ள வேண்டிய நண்பர், அந்தத் தடித்த குரல்காரர், இறங்காமல் என்னோடு வந்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போனதும் காரணம் சொல்லாதே. அவள் போன அன்று வந்தவர்கள் எல்லாரும் ஏன் முன்னமே வரமுடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர்களைத் தேற்றுவதே எனக்கு வேலையாய்ப் போயிற்று" என்றார்.

இரவு ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் ஏறினேன். ஆச்சி கூடத்தில் குளிர்பெட்டிக்குள் இருந்தார். அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தவர். இன்றைக்கு நம் சபைக் கமிட்டியில் இருப்பவர்களில் பாதிப்பேருக்குப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்வித்தவர். அவருடைய அறையில், கட்டிலருகே ஒரு சிறிய முக்காலி. அதன்மேல் துவைத்துத் தேய்த்த வெள்ளைத் துணி விரித்திருந்தது. திருவிருந்துப் பாத்திரங்களை வைப்பதற்காக. ஞாயிறு மத்தியானமே விரிக்கச் சொல்லியிருக்கிறார். யாரும் அதை எடுக்கவில்லை.

மகள் என்னைப் பார்த்தார். "நேத்துச் சாயங்காலம் வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பெத்தானியாவில் மார்த்தாள் ஆண்டவரிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. ஆண்டவரும் அங்கே தாமதமாகத்தான் போனார். ஆனால் என்ன செய்யப்போகிறோம் என்று அறிந்து தாமதித்தார். நான் என் மதியத் தூக்கத்திற்காகத் தாமதித்தேன். எனக்குப் பின்னால் லாசருவைப் போல எழும்பி வருபவர் எவரும் இல்லை. "வந்திருக்கணும்மா. வரலை" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

செவ்வாய் காலையில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? செவ்வாய் காலையில் அந்த வீட்டில்தான் இருந்தேன். மாலை நான்கு மணிக்கு அடக்க ஆராதனை. நீங்களும் வந்திருந்தீர்கள். அன்று என் பிரசங்கம் மிகச் சுருக்கமாக இருந்ததைச் சிலர் வியந்தீர்கள்.

மூன்றாம் நாள் ஜெபத்திற்குப் போனபோது மகள் என்னிடம் ஒன்றைச் சொன்னார். நான் செவ்வாய் வருவேன் என்று ஞாயிறு மதியம் தாயாரிடம் சொன்னபோது, இவருக்கு என்மேல் கோபம் வந்ததாம். ஆச்சிதான் இவரை அடக்கியிருக்கிறார். "ஐயருக்குப் பத்து நாளாப் பிள்ளைங்களோட கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும். போயிட்டு வரட்டும். நான் இருக்கேன்லா" என்று சொன்னாராம்.

படகோட்டியின் அண்ணன் வீட்டு அடுப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. என் ஒருநாள் ஓய்வுக்கும் ஒருவர் தம் பங்கைக் கொடுத்திருக்கிறார். அறிந்தே, முணுமுணுக்காமல். நான்தான் அதை அறியாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஓய்வெடுத்ததற்காக நான் மனம் வருந்தவில்லை. நண்பர் சென்ற ஞாயிறு தம் சபையில் பிரசங்கித்ததாக நேற்று அழைத்துச் சொன்னார். அரைமணி நேரத்திற்காக வருந்துகிறேன். இரண்டையும் ஒரே கணக்கில் கழித்துச் சமன்செய்ய என்னால் முடியவில்லை. செய்யவும் கூடாது என்று தோன்றுகிறது.

கடந்த வெள்ளிக்கிழமை மாலை அந்த அறையிலேயே, அதே முக்காலியில், அதே துணியின்மேல் மகளுக்கும் மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளில் திடப்படுத்தல் பெற்ற இருவருக்கும் திருவிருந்து கொடுத்தேன். முடிந்ததும் மகள் துணியை மடித்து என் பைக்குள் வைத்துவிட்டு, "மத்த வீடுகளுக்கும் கொண்டு போங்க" என்றார்.

நோயுற்றோர் பட்டியலில் இப்போது ஏழு வீடுகள் உள்ளன. திங்கட்கிழமை என் ஓய்வு நாள். அன்று வீட்டிலிருப்பேன், அவசரமென்றால் தயங்காமல் வாசலில் வந்து கூப்பிடுங்கள். செவ்வாய் மாலையிலிருந்து ஒவ்வொரு வீடாக வருகிறேன். உங்கள் வீட்டில் யாரேனும் கேட்டு, நான் நாள் தள்ளிச் சொல்லியிருந்தால், தயவுசெய்து இன்னொருமுறை கேளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்